பழைய காருக்கு எழுதிய பத்திரம்

அந்த நாளில் கிளிநொச்சியில் என்னைப் போலக் கடிதம் எழுத ஆள் இல்லை என்று ஒரு எண்ணம் இருந்தது. அது எனக்கு மட்டுமே இருந்த எண்ணம் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். எனக்கு அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞர் வேலை. காணிப் பிணக்கு, வாய்க்கால் பிணக்கு, அயலவனின் மாடு வயலுக்குள் இறங்கிய பிணக்கு என்று வருகிற முறைப்பாடுகளுக்கு நாள் முழுக்கப் பதில் எழுதுவேன். எழுதி எழுதி, 'மேற்படி', 'நிமித்தம்', 'பிரகாரம்' என்ற மூன்றும் இல்லாமல் வீட்டில் சோறு கேட்கக்கூட முடியாத நிலைக்கு வந்திருந்தேன். ஒருமுறை பால்காரனுக்கே கடிதம் எழுதினேன். அவன் அதைத் திருப்பித் தந்து, "என்ன ஐயா, பால் வேணுமோ வேண்டாமோ?" என்று கேட்டான்.

எழுபத்தொன்பதாம் ஆண்டு எனக்குக் கார் ஆசை பிடித்தது. இறக்குமதி திறந்துவிடப்பட்டு, யப்பான் வான்கள் எங்கள் ஊர் வழியாகப் போகிற கண்டி வீதியில் பறக்கத் தொடங்கிய காலம் அது. அதனால் பழைய இங்கிலிஷ் கார்களை யாரும் கண்ணெடுத்துப் பார்க்கவில்லை. என்னைப் போன்றவர்கள் கார் வாங்க அதுதான் நேரம். சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்து எட்டு வருடம் ஆகியிருந்தது. எடுத்த பிறகு ஓட்டிய நாட்களைக் கூட்டினால் ஒரு வாரம் வராது. இந்தச் சின்ன விஷயம் என் ஆசையை அசைக்கவில்லை.

காரை விற்க இருந்தவரை எல்லோரும் 'டிரைவர்' என்றே கூப்பிட்டார்கள். மலையகத்துத் தோட்டமொன்றில் லொறி ஓட்டி, தேயிலை பேக்டரியில் மெஷின் பார்த்து, எழுபத்தேழுக் கலவரத்தில் குடும்பத்தோடு கிளம்பி வன்னிக்கு வந்தவர். முறிகண்டிக்குக் கிழக்கே காட்டை வெட்டிக் கொஞ்சக் காணியில் இருந்தார். அந்தக் கார், தோட்டத்துத் துரை பழுதென்று கைவிட்டது. டிரைவரும் அவருடைய அண்ணனும் பேக்டரிச் சாமான்களைக்கொண்டு அதற்கு உயிர்கொடுத்தார்கள். ஒன்பது பேர் அதற்குள் அடைந்துதான் மலையிலிருந்து இறங்கினார்களாம். இப்போது அதை விற்று, காணியில் ஒரு கிணறு வெட்டப் போகிறார் என்றார்கள். எனக்குக் கிணற்றுக் கதையில் அக்கறை இருக்கவில்லை. காரின் நிறம் பிடித்திருந்தது.

ஆவணி கடைசியில் அவர் காரை எங்கள் வீட்டுக்கு ஓட்டிவந்தார். மனைவி விறாந்தையில் கதிரை எடுத்துப் போட்டாள். அவர் அதில் இருக்கவில்லை. தூணோடு நின்றார். நான் பொனற்றைத் திறந்து, ஒன்றும் விளங்காமல், எல்லாம் விளங்கியவன் போல 'ம்' என்று இரண்டு தரம் சொன்னேன். பிறகு கேட்டேன்.

"கரண்டி என்ன தருவீர்?"

"அப்படின்னாங்க?"

"உத்தரவாதம். பழுதாப்போனால் ஆர் பொறுப்பு எண்டு கேக்கிறன்."

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அதுக்கென்னங்க ஐயா. வாங்க, முறிகண்டிக்குப் போவோம். பிள்ளையாருக்கு முன்னால கற்பூரத்தக் கொளுத்தி, இந்த வண்டியில ஒரு ஒளிவு மறைவும் இல்லன்னு சத்தியம் பண்ணித் தர்றேன். அதுக்கு மேல என்னங்க வேணும்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பை அடக்கியிருக்கலாம். நான் அடக்கவில்லை. "டிரைவர், கற்பூரம் நீதவான் கோட்டில செல்லாது. எழுத்தில வேணும்" என்று சொல்லி, உள்ளே போய் நீளத் தாள் இரண்டும் காபன் பேப்பரும் எடுத்துவந்தேன்.

அன்று எழுதியதுபோல நான் என் உத்தியோக காலத்தில் எழுதியதில்லை. ஏழு பந்தி. நான்காம் பந்திதான் என் மகுடம். அது இன்றைக்கும் மனப்பாடம்: 'இன்றிலிருந்து ஆறு மாத காலத்துக்குள் மேற்படி வாகனத்தில் எக்காரணத்தினால் ஏற்படினும் சகல இயந்திரப் பழுதுகளுக்கும், அப்பழுதுகளின் நிமித்தம் வாகனத்துக்கோ பிற பொருளுக்கோ விளையும் சகல சேதங்களுக்கும், விற்பனையாளரே முழுப் பொறுப்பாளி ஆவார்.' எழுதி முடித்து இரண்டு தரம் வாசித்தேன். 'எக்காரணத்தினால் ஏற்படினும்' என்ற இடத்தில் எனக்கே மெய் சிலிர்த்தது. அது என்ன அர்த்தம் தரும் என்று நான் யோசிக்கவில்லை. ஓசை நன்றாயிருந்தது, அதனால் போட்டேன்.

மனைவி பின்னால் நின்று வாசித்தாள். "இஞ்சேருங்கோ, நீங்கள் காரை வாங்குறியளோ, அந்த மனிசனை வாங்குறியளோ?"

"உமக்கு உது விளங்காது."

"எனக்கு விளங்குது. அந்தாளுக்குத்தான் விளங்கேல்லப் போலை."

நான் அவருக்கு வாசித்துக் காட்டினேன். கந்தோரில் வாசிக்கிற வேகத்தில் வாசித்தேன். அவர் கைகளைக் கட்டிக்கொண்டு கேட்டார். முத்திரைக்கு மேல் கையெழுத்துப் போடச் சொன்னேன். எழுத்து எழுத்தாகப் போட்டார். ஒவ்வொரு எழுத்துக்கும் பேனாவை எடுத்து என் முகத்தைப் பார்த்தார். பேனா பிடித்துப் பழக்கமில்லை என்று நினைத்தேன். போட்டு முடித்துவிட்டு, "இதுல சொன்னபடி செய்யலன்னா என்னங்க ஆகும்?" என்றார்.

"கோட்டுக்குப் போகவேண்டி வரும். பிறகு மறியல்தான், கம்பி எண்ணவேணும்" என்று பகிடியாகச் சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்தார். தன் பிரதியை நாலாக மடித்து, ஒரு பொலித்தீன் பையில் சுற்றி, உள்சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

போகிறபோது காரைப் பற்றி மூன்று விஷயம் சொன்னார். காலையில் றேடியேற்றருக்குத் தண்ணீர் பார்க்க வேண்டும். கிழமைக்கு ஒருமுறை எஞ்சின் ஒயில் பார்க்க வேண்டும். பிரேக் ஒயில் மெல்ல மெல்லக் குறையும், அதையும் பார்த்து ஊற்ற வேண்டும். அதற்கென்று சின்னத் தகரப்பேணி ஒன்று தந்தார். "ஐயா, இந்த டின்னுல உள்ளது மட்டுந்தாங்க. வேற எதுவும் ஊத்திறாதீங்க." இதை இரண்டு தரம் சொன்னார். நான் இரண்டு தரமும் தலையாட்டினேன். தலையாட்டுவது என் உத்தியோகத்தில் ஒரு பகுதி.

அடுத்த வெள்ளிக்கிழமை, கார் வாங்கினால் செய்கிற வழக்கப்படி, அதை முறிகண்டிக்குக் கொண்டுபோனேன். அவர் கூப்பிட்டபோது சிரித்தவன், அயலவர்கள் பார்க்கக் காருக்கு மாலை போட்டுக்கொண்டு போனேன். நான்கு ரயருக்கும் முன்னால் தேசிக்காய் வைத்து, தேங்காய் உடைத்து, காரை முன்னுக்கு எடுக்க வேண்டும். நான் பின்னுக்கு எடுத்துவிட்டேன். கச்சான் கடலை விற்கிற பெண்கள் ஓலைக் கடகங்களைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒரு தேசிக்காயும் நசியவில்லை. "பிள்ளையார் ஏற்றுக்கொள்ளேல்லப் போலை" என்று மனைவி வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

மூன்று கிழமை ராசாபோலக் கார் ஓட்டினேன். கந்தோருக்குக் கால் மைல். நடந்தால் ஐந்து நிமிடம். காரில் போனால் அதை வெளியே எடுக்க, படலையைத் திறக்க, மறுபடி பூட்ட என்று இருபது நிமிடம். ஆனாலும் காரில்தான் போனேன்.

புரட்டாதி நடுவில் அந்தத் தகரப்பேணி காரின் பின்பெட்டிக்குள் கவிழ்ந்து கிடந்தது. மூடியை நான்தான் சரியாக முறுக்கவில்லை. பிரேக் ஒயில் கொஞ்சம் குறைந்திருந்தது. கிளிநொச்சி ரவுணில் இரண்டு கடையில் கேட்டேன், இல்லை. "வவுனியாவுக்குப் போனால் எடுக்கலாம்" என்றார்கள். ஒரு சொட்டு ஒயிலுக்காக வவுனியாவுக்கு பஸ் ஏறுவதா? வீட்டுக்கு வந்தேன். எங்கள் வளவில் மிளகாய்க் கன்றுகளுக்குத் தண்ணீர் இறைக்கிற மிசின் இருந்தது. அதற்கு ஊற்றுகிற ஒயில் ஒரு போத்தல் நிறைய இருந்தது. வன்னியில் எந்த வளவிலும் அந்தப் போத்தல் இருக்கும். படலைக் கீலுக்கும் அதுதான், சைக்கிள் செயினுக்கும் அதுதான், காவோலை வெட்டுகிற கத்திக்கும் அதுதான். ஒயில் என்றால் ஒயில்தானே என்று பிரேக் ஒயில் இருக்கிற சின்னக் கிண்ணத்தை விளிம்பு மட்டும் நிரப்பினேன்.

இரண்டு நாள் பிரேக் முந்தியைவிட நன்றாகப் பிடித்தது. காலை வைத்தவுடன் கார் நின்றது. காலை எடுத்த பிறகும் நின்றது. என் புத்திசாலித்தனத்தைக் கந்தோரில் இரண்டு பேருக்குச் சொல்லிவைத்தேன். நல்லகாலம், அவர்களிடம் கார் இருக்கவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தேன். படலை திறந்திருந்தது. உள்ளே திருப்பி, வேப்பமரத்தடியில் நிறுத்தப் பிரேக்கை மிதித்தேன். கால் பலகைவரை போய்விட்டது. கீழே ஒன்றும் இல்லை. கார் வேப்பமரத்தைக் கடந்தது. உடுப்புக் காயப்போட்ட கொடியை இழுத்துக்கொண்டு போனது. நான் ஹோர்னை அடித்தேன். ஹோர்ன் அடித்தால் எதிரே இருப்பது விலகும் என்ற நினைப்பு. எதிரே இருந்தது இறைப்பு மிசின் கொட்டில். அது விலகவில்லை. கொட்டில் சரிந்தது, மிசின் உடைந்தது, காரின் மூக்கு உள்ளே போனது. எந்த மிசினின் ஒயிலை எடுத்து ஊற்றினேனோ அந்த மிசினிலேயே போய் முட்டியிருந்தேன். என் தலையில் மனைவியின் சேலை ஒன்று கிடந்தது.

மனைவி குசினியிலிருந்து ஓடிவந்தாள். எனக்கு ஒன்றும் இல்லை என்று கண்டதும் பயம் கோபமாக மாறியது. "மிளகாய்க் கண்டுக்கு இனி என்னத்தால இறைக்கிறது?" என்றாள்.

"பயப்பிடாதையும். நாலாம் பந்தி இருக்கு."

அப்போதுகூட எனக்கு ஒயில் ஞாபகம் வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. வந்ததை உடனே உள்ளே தள்ளி மூடிவிட்டேன். போத்தலை மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்ததும் நான்தான். தெரியாமல் செய்தேன் என்று இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லவும் மாட்டேன்.

அன்றே கடிதம் எழுதினேன். 'மேற்படி உத்தரவாதப் பத்திரத்தின் நான்காம் பந்தியின் பிரகாரம், வாகனத்தையும், அதன் நிமித்தம் சேதமடைந்த இறைப்பு இயந்திரத்தையும் தாமதமின்றிச் சீர்செய்து தரவேண்டியது.' 'தாமதமின்றி' என்பதற்குக் கீழே கோடும் போட்டேன். கந்தோர்ப் பியோன் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்தான்.

மறுநாள் விடிய அவர் வந்துவிட்டார். ஸ்பானர் சாவிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே வந்திருந்தார். கதிரையைக் காட்டினேன். "பரவாயில்லீங்க" என்று நேரே காரடிக்குப் போனார். பிரேக்கைக் கழற்றினார். உள்ளேயிருந்த சின்ன றப்பர் மூடிகள் ஊறிப் பருத்து, வடைபோல ஆகியிருந்தன. ஒன்றை விரலால் நசித்தார். விரலை மூக்கடியில் பிடித்து மோந்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் வேப்பமரத்தைப் பார்த்தேன். அந்த மரத்தை நான் அவ்வளவு கவனமாக அதற்கு முன்னர் பார்த்ததில்லை.

"ஐயா, அந்தப் பத்திரத்த இன்னொருக்கா வாசிச்சுக் காட்டுறீங்களா?"

எடுத்துவந்து வாசித்தேன். நான்காம் பந்தி வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். "அந்த மொத வரிய மட்டும் இன்னொரு தடவ வாசிங்க."

"எக்காரணத்தினால் ஏற்படினும்..."

"எல்லாக் காரணமும் அதுக்குள்ள வந்துருங்களா?"

"வரும்" என்றேன். மனுஷர் வாதாட வழி தேடுகிறார், மடக்கிவிட்டேன் என்று எனக்கு உள்ளூர ஒரு திருப்தி.

"சரிங்க" என்றார். குந்தியிருந்து வேலையைத் தொடங்கினார்.

பத்து நாள் வந்தார். றப்பர்ச் சாமானுக்கு வவுனியாவுக்குப் போய்வந்தார். உடைந்த இறைப்பு மிசினைச் சாக்கில் கட்டி அதையும் அங்கே கொண்டுபோய்ப் பற்றவைத்து வந்தார். மூக்குத் தகரத்தை மரச்சுத்தியலால் தட்டித் தட்டி நேராக்கினார். நான் பின்னேரம் கந்தோரால் வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்ப்பேன். "அந்த இடம் இன்னும் நெளிஞ்சிருக்குப் போலை" என்று ஒருநாள் சொன்னேன். அவர் மறுபடி தட்டினார். இப்போது இதை எழுதும்போது எனக்கு என் கன்னத்தில் நானே போட வேண்டும்போல இருக்கிறது.

மனைவி தேத்தண்ணி கொடுக்கும்போது அவரோடு கதைப்பாள். அவள்தான் கிணற்றுக் கதையை எனக்குச் சொன்னாள். இருபத்திரண்டு அடி வெட்டித் தண்ணீர் கண்டாயிற்று. இனிக் கல்லால் கட்ட வேண்டும். அங்கே மண் இளகின மண். மாரிக்கு முன் கட்டாவிட்டால் சரிந்துவிடும். கல்லுக்கும் மேசனுக்கும் வைத்திருந்ததைத்தான் எங்கள் மிசினுக்கும் றப்பருக்கும் செலவழித்துவிட்டார். ஆட்களைப் பிடித்துத் தானும் நின்று கட்டலாம் என்றால், அவர் இங்கே எங்கள் வளவில் நிற்கிறார்.

"ரண்டு வருசமா அந்தப் பொம்பிளையள் ஒரு மைல் நடந்து தண்ணி அள்ளுதுகள். மழை இருட்டிக்கொண்டு வருது. அந்தாளை விடுங்கோ" என்றாள்.

"நான் பிடிச்சு வச்சிருக்கிறனே? பத்திரத்தின்ர பிரகாரம் அவர் செய்யிறார்."

"உங்கட பிரகாரத்தைக் கொண்டுபோய் அடுப்புக்குள்ள வையுங்கோ. அந்தப் போத்தல் ஏன் மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால கிடக்குது?"

நான் செருப்பை மாட்டிக்கொண்டு படலைப் பக்கம் போனேன். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. எனக்கும் வெட்கமாக இருந்தது. ஆனால் உத்தியோகத்தனுக்கு வெட்கம் வந்தால் அதைக் கடிதக் கோவைக்குள் போட்டுவிட்டு அடுத்ததைப் பார்ப்பான். நானும் அப்படித்தான் செய்தேன்.

பத்தாம் நாள் பின்னேரம், பிரேக் வேலை முடிந்து கடைசி ரயரைப் பூட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று கிழக்கே இருண்டு காற்று அடித்தது. பெரிய பெரிய துளியாக விழுந்தது. அவர் எழுந்து நின்று மழையைப் பார்த்தார். காணி இருக்கும் திசையைப் பார்த்தார். பிறகு ஸ்பானர் சாவியைத் துணியில் துடைத்துக்கொண்டு விறாந்தைப் படியடிக்கு வந்தார். தலையிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"ஐயா, பம்பு கொட்டில் மட்டும் பாக்கிங்க. இன்னைக்குப் போயிட்டு நாளைக்கு வந்து செஞ்சா பத்திரத்துல எடம் இருக்குங்களா?"

அவர் என்னிடம் கேட்கவில்லை. நான் எழுதிய தாளிடம் அனுமதி கேட்டார்.

"காரில ஏறும்" என்றேன்.

மழைக்குள் ஓட்டினேன். பிரேக் அருமையாகப் பிடித்தது. கண்டி வீதியால் போய் முறிகண்டி தாண்டிக் கிழக்கே திரும்பினோம். செம்மண் பாதையில் கார் வழுக்கியது. அவர் வானத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். காணிக்குள் போனபோது அவருடைய மனைவியும் இரண்டு மகள்மாரும் கிணற்றடியில் மழையில் நனைந்துகொண்டு நின்றார்கள். தார்ப்பாய்போன்ற பழைய படங்குச்சீலை ஒன்றைக் கிணற்று வாய்க்கு மேலே இழுத்துப் பிடித்திருந்தார்கள். கிழக்குப் பக்கம் ஏற்கெனவே போய்விட்டது. ஒரு பெரிய துண்டு மண் பிளந்து உள்ளே விழுந்து, தண்ணீர் கண்ட இடத்தை மூடிவிட்டது. நாங்கள் பார்த்துக்கொண்டு நிற்கவே இன்னொரு துண்டு விழுந்தது. அந்தச் சத்தம் பெரிய சத்தமல்ல. அவருடைய மனைவி படங்கைக் கைவிட்டுவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டு குந்திவிட்டாள்.

"டிரைவர்" என்றேன். "பிரேக்குக்குள்ள நான்தான் இறைப்பு மிசின் ஒயிலை ஊத்தினனான். உம்முடைய பேணி கவிண்டுபோச்சு. உம்மட்டச் சொல்லாமல் விட்டிட்டன்."

"தெரியுங்க."

"தெரியுமோ?"

"மொத நாளே மோந்து பாத்தேனுங்களே. றப்பர் அப்படி ஊதாதுங்க, வேற ஒயில் ஊத்தினாத்தான் ஊதும்."

எனக்குக் கோபம் வந்தது. என் மேல் வர வேண்டிய கோபம், பழக்கதோஷத்தால் அவர் மேல் பாய்ந்தது. "அப்ப ஏன் வாய் திறக்கேல்லை? உம்மில பிழையில்லை எண்டு சொல்லியிருக்கலாமே!"

"எக்காரணத்தினாலன்னு எழுதியிருக்குங்களே ஐயா. நீங்க ஊத்தினதும் ஒரு காரணந்தானே. அதுக்குத்தான் ரெண்டு தடவ வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். எல்லாமே உள்ள வரும்னீங்க." முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்தார். "எங்கப்பாகிட்ட இங்க பொறந்ததுக்கு ஒரு காகிதம் இல்லன்னுதாங்க எங்கள நாடில்லாதவங்கன்னாங்க. அப்புறம் வேற ஒரு காகிதத்துல கைநாட்டு வாங்கி எங்கண்ணன இந்தியாவுக்கு ஏத்திட்டாங்க. இந்த வண்டிய என்கூடச் சேர்ந்து செஞ்சவரு. அவரு என்னென்னமோ நியாயம் சொல்லிப் பாத்தாருங்க. காகிதத்துல என்ன இருக்கோ அதுதான் நடந்துச்சு. காகிதத்தோட வழக்காட நமக்கு ஆகாதுங்க."

நான் அழுதேன். மழை பெய்ததால் யாருக்கும் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் எனக்கு அப்போது கவலையில்லை. நான் ஓசைக்காகப் போட்ட ஒரு சொல், ஒரு வீட்டுக் கிணற்றை விழுங்கிவிட்டது.

மழை விட்ட அடுத்த வெள்ளிக்கிழமை அவரை நானே முறிகண்டிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கற்பூரம் கோட்டில் செல்லாது என்று சொன்ன அதே வாயால், கற்பூரத்தைக் கொளுத்தி, அந்தக் கிணறு கட்டி முடிகிறவரை செலவும் என்னுடையது, கல்லும் என் காரில்தான் வரும் என்று பிள்ளையாருக்கு முன்னால் சொன்னேன். "பத்திரத்தை மறந்துவிடும் டிரைவர்" என்றும் சொன்னேன். அவர் கைகூப்பிக்கொண்டு தலையாட்டினார். அதோடு அந்தக் கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

தை மாதம் தொடக்கம் சனி ஞாயிறுகளில் காரின் பின்சீற்றைக் கழற்றிவிட்டுக் கல் ஏற்றினேன். மூன்றாம் நடையில் பின்பக்க ஸ்பிறிங் முறிந்தது. கார் ஒரு பக்கம் குந்தியபடி கண்டி வீதியில் நின்றது. யப்பான் வான்காரர்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனார்கள். டிரைவர் கீழே குனிந்து பார்த்துவிட்டு, நிமிராமலே கொஞ்ச நேரம் இருந்தார். முகம் வெளிறியிருந்தது. "பாரம் கூடிப்போச்சு, என்ர பிழை" என்றேன். புது ஸ்பிறிங்கை நான்தான் வாங்கினேன். அவர் முகம் ஏன் அப்படி வெளிறியது என்று அப்போதும் நான் யோசிக்கவில்லை. வெயில் என்று நினைத்தேன்.

மாசி நடுவில் கிணறு கட்டி முடிந்தது. நல்ல தண்ணீர். வாளியில் அள்ளி எனக்கும் மனைவிக்கும் குடிக்கத் தந்தார்கள். என் மனைவி அன்றுதான் என்னைப் பார்த்து நன்றாகச் சிரித்தாள்.

அதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் கழிந்து ஒரு காலை. நான் கந்தோருக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தேன். டிரைவர் படலையில் நின்றார். தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, வெள்ளைச் சட்டை போட்டு, கோயிலுக்குப் போகிறவர்போல வந்திருந்தார். என்ன விசேஷம் என்று கேட்டேன்.

"இன்னையோட ஆறு மாசம் முடியுதுங்க ஐயா."

"என்ன ஆறு மாசம்?"

அவர் சட்டைப்பையிலிருந்து பொலித்தீன் பையை எடுத்தார். அதற்குள் நாலாக மடித்த தாள். மடிப்புகளில் கொஞ்சம் கிழிந்திருந்தது. "முடிஞ்சிருச்சுன்னு இதுல எழுதிக் குடுங்க."

"அதைத்தான் மறக்கச் சொன்னனே! பிள்ளையாருக்கு முன்னால..."

"பிள்ளையாரு கேட்டாருங்க. அவரு மேல ஒரு குத்தமும் இல்ல. ஆனா ஐயாகிட்ட ஒரு காகிதம் இருக்குதுங்களே. அதுவும் கேக்கணுமே."

உண்மை. என்னிடம் இருந்தது. வரிசை இலக்கம் போட்டுக் கோவையில் தைத்துவைத்திருந்தேன். நான்காம் பந்தியின் அழகுக்காகக் கிழிக்க மனம் வரவில்லை. மறந்துவிடும் என்று வாயால் சொன்னவனுக்கு, அதைக் கிழித்துக் காட்ட வேண்டும் என்று தோன்றவேயில்லை. கிணறு கட்டும்போதும், ஸ்பிறிங் முறிந்தபோதும், என் கார் இருமினாலும் தும்மினாலும், அந்த மனுஷர் ஆறு மாதமும் ஒவ்வொரு நாளாக எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறார்.

கோவையை எடுத்துவந்தேன். இரண்டு தாளையும் மேசையில் விரித்துவைத்தேன். பேனாவைத் திறந்ததும் கை பழக்கத்தில் 'மேற்படி' என்று தொடங்கப் போனது. நிறுத்தினேன். இரண்டிலும் குறுக்காகக் கோடு கிழித்து, 'முடிந்தது' என்று மட்டும் எழுதி, கையெழுத்துப் போட்டு நீட்டினேன்.

அவர் வாங்கி வாசித்தார். உதடு அசைய, எழுத்துக் கூட்டி, இரண்டு தரம் வாசித்தார்.

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதான்."

மடித்துப் பொலித்தீனில் சுற்றிப் பைக்குள் வைத்தார். பிறகு தூணைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, கொஞ்சம் உக்காந்துக்கவா?"

ஆறு மாதமாக விறாந்தையில் கிடந்த கதிரையில் அவர் அன்றுதான் இருந்தார். மனைவி தேத்தண்ணி வைக்கக் குசினிக்குப் போனாள். நான் அன்று கந்தோருக்குப் போகவில்லை.